உத்திராபதியின் லீவு

அரியலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் மீன்சுருட்டியை நெருங்கினால் கொளஞ்சியப்பன் எழுந்து நின்றுவிடுவார். ஊர் தாண்டிய பிறகுதான் உட்காருவார். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சின்ன வயதிலிருந்தே நந்தினி இதைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை கண்டக்டர், "எறங்கணுமா மிலிட்டரி?" என்றார். இல்லை என்றதும், "அப்பறம் எதுக்கு அட்டென்ஷன்? இங்க ஒங்கள யாரு செக் பண்ணப் போறா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மடக்கியே வைத்தால் முழங்கால் மரத்துப்போகிறது என்று மகளிடம் சொன்னார். பனியில் கெட்ட முழங்கால்தான். அவளும் நம்பினாள்.

பதினேழு வருஷ ராணுவம் கொடுத்ததை வீட்டில் யாரும் குறைத்துப் பேசியதில்லை. கூரைவீடு மாடிவீடானது. பென்ஷன் வந்தது. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் நந்தினிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். எடுத்துக்கொண்டதும் கொஞ்சமில்லை. கொளஞ்சியப்பனின் அப்பாவுக்குச் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தார். இவர் வந்து சேர்வதற்குள் பால் தெளித்தும் முடிந்திருந்தது. லீவில் வந்தவரைப் பார்த்து மூன்று வயது நந்தினி கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். பெட்டியை இறக்கி வைப்பதற்குள், "எப்பத் திரும்பணும்?" என்று ஊர் கேட்கும். ஓய்வுபெற்று, ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்த பிறகும் சிலர் பழக்கத்தில் அதையே கேட்டார்கள்.

பட்டம் வாங்கிய வருஷம், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, மீன்சுருட்டியில் யார் இருக்கிறார்கள் என்று நந்தினி கேட்டே விட்டாள்.

"ஒன் காது குத்துக்கு வந்தேனே, அந்த லீவு என்னுது இல்ல" என்றார் அப்பா.

பிறகு விட்டு விட்டுச் சொன்னார். காஷ்மீரில் பனிமலைக் காவல். இரண்டு பேரில் ஒருவர்தான் லீவில் இறங்கலாம். அந்த மாதம் பக்கத்துக் கட்டில் உத்திராபதியின் முறை, மீன்சுருட்டிக்காரன். குழந்தைக்கு நாள் குறித்துவிட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது. உத்திராபதிதான், "நீ போய்ட்டு வாடா. எனக்கென்ன பொண்டாட்டியா புள்ளையா, அடுத்த மாசம் போயிக்கறேன்" என்றான். காது குத்தி நான்காம் நாள், பனிச்சரிவில் அவன் போன செய்தி வந்தது. உடல் ஊருக்கு வந்தபோது கொளஞ்சியப்பன் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நந்தினிதான் பிடிவாதமாக அவரை அழைத்துப் போனாள்.

உத்திராபதியின் அம்மா வீராயி வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் கொட்டை எண்ணெயில் வெந்து கறுத்திருந்தன. பின்னால் இருந்த மாடிவீடு, மகன் இறந்ததற்கு வந்த பணத்தில் கட்டியது, பூட்டிக் கிடந்தது. மகனோடு வேலை பார்த்தவர் என்றதும் நாற்காலி தேடி ஓடினார். மோர் கொடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"பொண்ணு பாக்க வாடான்னேன். இப்ப வேணாம்னான். போன்லயே கண்டபடி ஏசிட்டேன், தம்பி. லீவு கெடச்சும் அந்தக் கோவத்துலதான் வராம நின்னுட்டான். வந்திருந்தா இருந்திருப்பான். எல்லாம் என் வாயி."

கொளஞ்சியப்பன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நந்தினி காத்திருந்தாள்.

"அவனுக்குக் கோவமே வராதும்மா" என்றார். அவ்வளவுதான்.

"ஒங்ககிட்ட வந்திருக்காது. நான் பெத்தவ இல்ல?" என்றார் வீராயி. கிளம்பும்போது, "வூட்டுக்குக் கொண்டு போ ஆயி" என்று நந்தினியின் கையில் ஒரு பை முந்திரிப் பருப்பைத் திணித்தார். வேண்டாமென்று சொல்ல அவளால் முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில், "அடுத்த தடவ சொல்லிடறேன்" என்றார் அப்பா. அடுத்த தடவை வரவில்லை. தை மாதம், ஆலை கேட்டில் லாரி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

முன்னாள் ராணுவத்தினர் நான்கு பேர் வந்து சல்யூட் வைத்தார்கள். அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. எதுவும் நிற்கவில்லை, நந்தினி அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கிறாள். அப்பா சொல்லாமல் விட்ட அந்த ஒன்றை மட்டும் நினைத்தால் புத்தகம் மூடிக்கொள்கிறது. தான் போய்ச் சொல்லலாம். சொன்னால் கிழவியின் பாரம் இறங்கும். ஆனால் அப்பாவின் பெயர் அந்த வாசலில் கெடும். அப்பாவுக்காகத்தான் தயங்குகிறோமா, குத்திய காதோடு போய் நிற்கத் தனக்கே பயமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை அந்த வழியில் போனாள். இரண்டு முறையும் காட்டுமன்னார்கோயிலுக்குத்தான் டிக்கெட் எடுத்தாள். மீன்சுருட்டியில் வீராயி இன்னும் தன் வாயைத்தான் பழித்துக்கொண்டிருப்பார்.