தூச் சித்தப்பாவின் வண்டியும் ஐந்து வீட்டுச் சோறும்

தூச் சித்தப்பாவின் மாட்டுவண்டிக்கு இணையான வாகனம் கம்போடியாவில் இல்லை, பக்கத்துத் தாய்லாந்தில் இல்லை, நிலாவுக்குப் போனவர்களிடமும் இருந்ததில்லை. அங்கோர் கோயிலுக்குக் கல் சுமந்த காலத்தில் சித்தப்பா பிறந்திருந்தால் வேலை நூறு வருஷம் முன்னாலேயே முடிந்திருக்கும். ராஜாவே இறங்கி வந்து, "போதும் தூச், இனிமே கல்லு வைக்க இடமில்ல" என்று கும்பிட்டிருப்பார். இதெல்லாம் சித்தப்பாவே சொன்னது. சொன்ன அன்றைக்கு வண்டி வாய்க்காலில் கிடந்தது.

தூச் என்றால் சின்னவன். பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாராம். இப்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் வீட்டுக்குள் போனதாகச் சரித்திரமே இல்லை. ஐம்பத்து நாலு வயதுக்குள் மீன் பிடித்தார், வலையோடு ஆற்றில் விழுந்தார். மூன்று வாரம் முடி வெட்டினார். அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் பிறகு ஒரு மாதம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில், ஊரைப் பார்க்க வரும் பரங்கிகளை வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். அதில்தான் நிலைத்தார்.

இங்கிலீஷில் அவருக்கு மூன்று வார்த்தை தெரியும். லுக், பியூட்டிபுல், நோ ப்ராப்ளம். தாமரைக் குளம் வந்தால் லுக். எருமை வந்தால் பியூட்டிபுல். சக்கரம் கழன்றால் மூன்றும். மற்ற பேச்சுக்கெல்லாம் அண்ணன் மகள் பிஸெய் கூட வருவாள். பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போனது. இங்கிலீஷ் முழுக்க போனில் கேட்டுக் கேட்டுப் பிடித்தது.

இந்த வருஷம் ஒரு கண்டம் வந்தது. ஊர் விருந்தினர் சங்கத்துக்குத் தலைவி சாவோம் பெரியம்மா. அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம்; விருந்தாளியை ஏற்றும் முறை யாருக்கோ, அவர் அன்றைக்கு நோட்டை வாங்கிப் போவார். வந்துபோகிற விருந்தாளி அதில் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நல்ல வார்த்தை இல்லாத பக்கம் யாருடையதோ, அவர் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். அந்த முறை லாங்குக்குப் போகும். லாங் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டி, அதில் பாட்டுப் போட்டு ஓட்டுகிறவன்.

நோட்டில் சித்தப்பாவின் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரி வரைந்த படம் மட்டும் இருந்தது. மாட்டின் பின்பக்கம். வண்டியில் உட்கார்ந்தவள் நாள் முழுக்கப் பார்த்தது அதைத்தானே!

"முறை போச்சுன்னா ரெண்டு மாட்டையும் வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? கதையா சொல்வேன்?" என்றார் சித்தப்பா.

"சொல்லுங்களேன். நீங்க சொல்றதை அதுங்க மட்டும்தானே நம்புது."

"வாயைப் பாரு!" என்று மாட்டுச் சாட்டையால் அடிப்பது போல ஓங்கினார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிஸெய் அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி வைக்கோலை உதறினாள்.

சனிக்கிழமை காலை கடைசி விருந்தாளி வந்தார். யோரிஸ், ஹாலந்துக்காரர். மூங்கில் மாதிரி உயரம், அவித்த இறால் மாதிரி நிறம். திட்டம் எளிது. பனையேறி கள் இறக்குவதைப் பார்ப்பது, தாமரைக் குளம், அப்புறம் மேட்டுமேல் இருக்கிற விகாரை. நாலு மணிக்கு வேன்.

வண்டி கிளம்பிப் பத்து நிமிஷத்தில் யோரிஸ் பிஸெய்யிடம் கேட்டார். "எல்லாரும் என்னைப் பாத்ததும் ஒரே கேள்வியைக் கேக்குறாங்களே, என்ன அது?"

ஊரில் யாரைப் பார்த்தாலும் எல்லாரும் கேட்பதுதான். "சோறு தின்னாச்சா?" ஆச்சு என்றால் வணக்கம் முடிந்தது, அவரவர் வேலையைப் பார்க்கலாம். இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் பிஸெய்யின் நாக்கில் எதுவும் நேராகப் புறப்படாது.

"சௌக்கியமான்னு கேக்குறாங்க. நீங்க கையைக் கூப்பி, 'இன்னும் இல்லீங்க'ன்னு சொல்லணும். அதான் மரியாதை."

யோரிஸ் நல்ல மாணவன். ஊர்க்காரர்கள் பேசும் கெமர் மொழியிலேயே நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதல் வீட்டில் ரெத் அத்தை ஊஞ்சல் படுக்கையில் கிடந்தபடியே கேட்டாள். "என்னப்பா, சோறு தின்னாச்சா?"

யோரிஸ் கையைக் கூப்பினார். "இன்னும் இல்லீங்க!"

அத்தை எழுந்தே விட்டாள். "ஐயையோ, மணி பத்தாகுது! தூச், நீயெல்லாம் மனுஷனா?" கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீட்டுக்கடியில் பாய் விரிந்தது. சோறும், சுட்ட கெளுத்தி மீனும், புளித்த மீன் துவையலும் வந்தன. யோரிஸ் முகர்ந்தார், கண் கலங்கியது, சாப்பிட்டார். மரியாதை தெரிந்தவர், தட்டில் மிச்சம் வைக்கவில்லை. அதனால் இன்னொரு தட்டு வந்தது.

இரண்டாவது வீட்டில் கீரை போட்ட புளிச்சாறு. மூன்றாவது வீட்டில் அரிசிச் சேமியாவும் மீன் குழம்பும். அங்கேயும் அவர் கைகூப்பி, முகமெல்லாம் பல்லாக, "இன்னும் இல்லீங்க" என்றார். பிஸெய் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி, அந்த ஊர்ல பஞ்சம் போலிருக்கு. முழுங்குறதைப் பாரு" என்று சித்தப்பா அவள் காதில் கிசுகிசுத்தார்.

நாலாவது வீடு சாவோம் பெரியம்மாவுடையது. அங்கே பிஸெய்யின் சிரிப்பு நின்றுபோனது.

"தூச்!" என்றார் பெரியம்மா. "காலையிலேர்ந்து விருந்தாளியைப் பட்டினி போட்டு ஊரைச் சுத்துறியாமே? ரெத் வந்து சொன்னா. அங்க சாப்பிட்டும் பசி அடங்கலன்னா, முந்தின நாள்லேர்ந்தே பட்டினியா?"

"அக்கா, சத்தியமா மூணு வீட்டுல..."

"பேசாத. லாங் வண்டியில தண்ணி பாட்டிலாவது தருவான்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாகும் என்று பிஸெய்க்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் பேருக்குப் பொருத்தமாக இருந்தார். இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பெரியம்மா அதற்குள் எறும்பு போட்டு வதக்கிய மாட்டிறைச்சியை எடுத்துவரப் போய்விட்டார்.

ஐந்தாவது வீட்டில் யோரிஸ் பாதித் தட்டில் மல்லாந்தார். குளமும் இல்லை, விகாரையும் இல்லை. மாடுகள் புல் மேய, வண்டி நிழலில் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தம் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டார். கொய்யா இலையைக் கொதிக்க வைத்துச் சித்தப்பாதான் குடிக்க வைத்தார். விசிறினார். நடுநடுவே, "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்றார். நாலு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. யோரிஸைத் தூக்கித்தான் ஏற்றினார்கள். நோட்டை நீட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

வண்டிப் பலகையில் கிடந்த நோட்டைச் சித்தப்பா எடுத்துத் தூசி தட்டினார். "நாளைக்கு இதை அக்காகிட்ட குடுத்துடணும். விடு. லாங்கும் நல்ல பையன்தான்" என்றார். அப்புறம் வீடு வரும்வரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கூட்டத்துக்குப் போகும்போது மாட்டின் பின்பக்கப் படத்துக்குக் கீழே ஆறு வரி இங்கிலீஷ் இருந்தது. "வேன்ல ஏறறதுக்கு முன்னாடி யோரிஸ் எழுதிட்டார், சித்தப்பா. நீங்க மாடு பூட்டிட்டு இருந்தீங்க" என்றாள் பிஸெய்.

கூட்டத்தில் சாவோம் பெரியம்மா நோட்டைத் திறக்கவே இல்லை.

"தூச் விஷயம் என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார்.

ரெத் அத்தைதான் முதலில் எழுந்தாள். "நேத்து பட்டினி போட்டதுக்கு அவனை உதைக்கணும். ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா வர்ற பரங்கிங்க நம்ம மீன் துவையலை மோந்து பாத்துட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு, போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. இவன் கூட்டிட்டு வந்த ஆளு ரெண்டு தட்டு தின்னான்!"

"என் வீட்டுல சட்டியை வழிச்சான்" என்றாள் சேமியாக்காரி.

"எறும்பு ஒண்ணைக்கூட ஒதுக்கி வைக்கல" என்று பெரியம்மாவே ஒத்துக்கொண்டார். "சரி, தூச் பேரு இருக்கட்டும். இனிமே விருந்தாளியைப் பசியோட கூட்டிட்டு வா. ஆனா அவ்வளவு பசியோட வேணாம்."

சித்தப்பா வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார். நெஞ்சு மறுபடி பழைய அகலத்துக்கு வந்திருந்தது. "அங்கோர் ராஜாவா இருந்தாலும் இதே தீர்ப்புதான் குடுத்திருப்பார்" என்றார். பிறகு, பெரியம்மா திறக்காமலே திருப்பிக் கொடுத்த நோட்டை விரித்தார். "அவன் என்னதான் எழுதியிருக்கான்? படி கேப்போம்."

பிஸெய் நோட்டை வாங்கினாள். படித்தாள். "தூச் உலகத்திலேயே நல்ல வண்டிக்காரர். வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தா கடைசி வாத்து போற வரைக்கும் வண்டியை நிறுத்துவார். மேடு வந்தா, மாட்டுக்குப் பாரமா இருக்கக்கூடாதுன்னு இறங்கி நடப்பார். அவர் நிறைய பொய் சொல்வார், ஆனா யாரையும் ஏமாத்தினதில்ல."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

"நேத்து நாம மேட்டுப் பக்கமே போகலையேடி?"

"அது... பாத்தாலே தெரியுமாம். முகத்துல எழுதியிருக்காம்."

"ஓ." நோட்டைக் கையில் வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் மற்ற வண்டிக்காரர்களின் பக்கங்களைப் பொறாமையோடு புரட்டிப் புரட்டி, அவை எப்படி இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். லாங்கின் பக்கத்தைத் திருப்பினார். தன் பக்கத்தைத் திருப்பினார். தடித்த விரல் ஒரு வரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்ந்தது, எங்கேயும் நிற்காமல்.

"பிஸெய்."

"ம்?"

"பரங்கிங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல வரப்பு மாதிரி இடம் விட்டு எழுதுவாங்க. ஒரு மூச்சு முடியற வரைக்கும் எல்லாத்தையும் ஒட்டி எழுதறது நம்ம ஆளுங்கதான்." வரியைத் தட்டினார். "இந்த ஹாலந்துக்காரன் எப்போடி கெமர் பள்ளிக்கூடத்துல ஒன்பதாவது வரைக்கும் படிச்சான்?"