வலது நுரையீரலில் ஒரு தழும்பு

முப்பத்தொரு வருஷம் ஊரார் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே காலம் தள்ளியவள் அவள். அரசு மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு சின்ன அறை. நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் காசநோய், தெரியாவிட்டால் இல்லை. ஒற்றை வார்த்தை எழுதி ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், வெளிநாட்டிலிருந்த ஒரே மகள் அப்பா அம்மா இருவருக்கும் விசாவுக்கு எழுதிப்போட்டாள். பெற்றோர் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் தங்கலாம் என்ற விசா. பேப்பரெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்தது. உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

புருஷனின் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அவளை மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"வலது பக்கம் மேல ஒரு தழும்பு இருக்கும்மா. பழைய காசநோயா இருக்கலாம். உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா?"

"இல்லையே. எங்க, கொஞ்சம் திருப்புங்க."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். விலா எலும்புக்கு அடியில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அவளுக்குப் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

"என் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் குடியிருந்துட்டுக் காலி பண்ணிட்டுப் போயிருக்கான். எனக்கே தெரியல பாருங்க!"

மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் சளி கொடுக்க வேண்டும், கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் பார்ப்பார்கள் என்றார் டாக்டர். அவளுக்குத் தெரியாததா! ஆனால் முதல் நாளே மானம் போயிற்று. எவ்வளவு முக்கியும் சளி வரவில்லை. டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த லேப்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வெறும் எச்சில்மா. நெஞ்சிலிருந்து இருமி எடுங்க."

இதே வார்த்தையை எத்தனை ஆயிரம் பேரிடம் எரிந்து விழுந்து சொல்லியிருப்பாள்! சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமல் வந்தது, இருமலில் சளியும் வந்தது.

மூன்றாம் நாள் லேப்காரியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "நானும் இந்த வேலைதான் பார்த்தேன். ஸ்லைடை ஒரு தடவை நான் பார்க்கலாமா?"

"நீங்க வேலையில இருந்தப்ப காட்டியிருப்பீங்களா?"

"ம்ஹும். மாட்டேன்."

அத்தோடு விட்டுவிட்டாள்.

விஷயம் கேட்டு மகள் போனில் அழுதாள். "உனக்கு நோய்ங்கிறாங்க, நீ என்னடான்னா ஏதோ துப்பு துலக்கிக்கிட்டிருக்கே!"

உண்மைதான். எட்டு வாரமும் அவளுக்கு ஒரே கேள்வி: எப்போது வந்தது? பழைய மருந்துச் சீட்டுகளைக் கிளறினாள். பழைய போட்டோக்களில் தன் கன்னத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த புருஷன் தலை நிமிராமல் சொன்னார்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப நீ இருமிக்கிட்டே இருந்தியே."

"நானா?"

"பேச்சுக்குப் பேச்சு இருமினே. கூச்சம்னு நினைச்சேன்."

அவள் கணக்குப் போட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். லேப்பில் காற்றாடிகூடக் கிடையாது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். புது வேலையின் அலுப்பு என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். எல்லாம் ஒத்துப்போயிற்று. முப்பது வருஷத்துக்கு மேலாக இதை மனசில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்த மனுஷனைத்தான் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூச்சம்னு நினைச்சுத்தான் சரின்னீங்களா?"

"பின்னே?" என்றார் அவர், கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே.

கிருமி எதுவும் வளரவில்லை. விசா வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும்: போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அங்குள்ள நெஞ்சு நோய் மருத்துவமனையில் காட்ட வேண்டும். மகள் லீவு போட்டுக் கூட்டிப் போனாள். ஏதாவது கேட்க வேண்டுமா என்று அந்த ஊர் டாக்டர் மரியாதைக்குக் கேட்டுவைத்தார். அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். பதினொரு கேள்வி. மகள் தலையில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். ஆறாவது கேள்விக்கு டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கொரு தடவை எக்ஸ்ரே. இரண்டாவது தடவையிலிருந்து தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தாள். நாலாவது தடவை, தழும்பு இம்மியும் மாறவில்லை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் முகம் வாடியிருந்தது.

"நோயில்லைன்னு சொன்னதுக்கு மூஞ்சியைத் தொங்கப்போடுற ஒரே ஆள் நீதாம்மா," என்றாள் மகள்.