வெட்டுக்கிளி தின்னாத ஓட்டுநர்

கிஸ்ஸா என் தம்பி மகன். இரட்டைப் பெண்களுக்கு அடுத்துப் பிறந்தவனுக்கு எங்களில் அந்தப் பெயர்தான். இரட்டையரில் தங்கியவள் பபிரியே ஒருத்தி. அவளை மத்தாயோவுக்குப் பேசி முடித்தது நான். கம்பாலாவில் அது அத்தையின் பொறுப்பு.

எங்கள் கட்வே பேட்டையின் வீடியோ கொட்டகையில் கிஸ்ஸா படம் சொல்பவன். வெளிநாட்டுத் தொடர் திரையில் ஓட ஓட, மைக்கைப் பிடித்து எங்கள் பாஷையில் சொல்லுவான். ஆங்கிலம் அவனுக்கு அரைகுறை. புரியாத இடத்தை ஊர்க்கதையால் நிரப்புவான். கூட்டம் வந்ததே அதற்காகத்தான்.

அந்தத் தேர்தல் வருஷம் ஓர் உளவாளித் தொடர் வந்தது. கொரியாக்காரர்கள் எடுத்ததை அமெரிக்காக்காரர்கள் தங்களுக்கென்று மறுபடி எடுத்தார்களாம். கிஸ்ஸா அதை எங்களுக்கென்று மூன்றாம் முறை எடுத்தான் என்றே சொல்லலாம். அதில் அமைச்சரின் கார் ஓட்டுநர்தான் ஒற்றன். மத்தாயோவும் ஒரு பெரிய மனிதரிடம் கார் ஓட்டினான். கிஸ்ஸா விடுவானா? கல்யாணத்தில் பெண்ணின் சகோதரனுக்குத் தரவேண்டிய சேவலை மத்தாயோ நோஞ்சானாகக் கொண்டுவந்த நாளிலிருந்து இருவருக்கும் கேலிதான். ஒற்றனுக்கு மத்தாயோ என்று பேர் வைத்தான். விருந்தில் அந்த ஓட்டுநர் இறால் தட்டை ஒதுக்கிவைக்க, கிஸ்ஸா மைக்கில், "எனக்கு வேணாங்க, நாங்க வெட்டுக்கிளிக் குலம்" என்றான். கொட்டகையே சிரித்தது.

வறுத்தால் இறால் போலிருக்கும் வெட்டுக்கிளியை ஊரே தின்னும். அந்தக் குலத்தார் மட்டும் தொடமாட்டார்கள். மத்தாயோ அந்தக் குலம்தான். பேரும் தொழிலும் பலருக்குப் பொருந்தும். குலத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஆள் ஒருவன்தான்.

அடுத்த சனிக்கிழமை நம்பர் பலகை இல்லாத வண்டியில் அரசாங்க ஆட்கள் இருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் சிரித்த இடத்தில் அவர்கள் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒருவர் கிஸ்ஸாவின் தோளில் கை போட்டு, மத்தாயோ யாருக்குச் சேதி சொல்கிறான் என்று விசாரித்தார். படத்தில் வருவதைத்தான் சொன்னேன் ஐயா என்றான் இவன். வெட்டுக்கிளிக் குலம் படத்தில் எங்கே வந்தது என்றார் அவர். "அடுத்த வாரமும் வர்றோம். நல்லா சொல்லு."

மத்தாயோ எங்காவது போய்விடட்டும் என்று பபிரியேயிடம் சொன்னேன். ஓடினால் குற்றம் செய்தவன் என்றாகிவிடும் என்று அவன் வேலைக்கே போனான்.

கிஸ்ஸா என்னிடம், "நான் கட்டின கதைதானே, அத்தே. நானே அவுத்துடறேன்" என்றான்.

அந்த வாரம் நானும் கொட்டகைக்குப் போனேன். திரையில் ஓட்டுநர் அமைச்சரின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டுகிறான். ஆனால் கிஸ்ஸா மைக்கில், அந்தத் துப்பாக்கியை மத்தாயோ திருடனிடமிருந்து பிடுங்கி ஐயாவைக் காப்பாற்றுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் கூச்சல் போட்டது. முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து, "எங்களுக்குக் கண்ணு இருக்குடா, கிஸ்ஸா. உன் அக்கா புருசன்னா மட்டும் நல்லவனாயிடுவானா?" என்றான்.

கடைசி பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறவு அதுவரை அவர்களுக்குத் தெரியாது. இனி அவர்கள் கணக்கில் கிஸ்ஸா சொன்னதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து கிடைத்த சேதி. தொடர் முடியுமுன் எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை பெரிய மனிதரின் வாசலில் காரை வேறொருத்தன் துடைத்துக்கொண்டிருந்தான். மத்தாயோ எங்கே என்று பபிரியே கேட்டதற்கு, அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்றார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் அவன் பேர் இல்லை.

அதற்குப் பிறகு கிஸ்ஸா திரையில் யாருக்கும் பேர் வைக்கவில்லை. இவன், அவன் என்றே சொன்னான். கூட்டம் கரைந்தது. அந்த இருவரும் மறுபடி வந்தார்கள்.

"ஏன் பேர் சொல்ல மாட்டேங்கற? ஜனங்க நீ சொன்னா நம்புறாங்க. பேரை நாங்க தர்றோம், நீ சொல்லு."

இதை அவன் என் வீட்டில் தலையைக் குனிந்தபடி சொல்லிக்கொண்டிருந்தான். பபிரியே கதவருகே நின்று கேட்டாள்.

"சொன்னா அவரை விடுவாங்களா?"

சனிக்கிழமை கிஸ்ஸா கொட்டகைக்குப் புறப்பட, சட்டையை அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள்.