இடது காதுக்கு மூன்று சொட்டு

என் கணவரின் இடது காது கேட்காமல் போனதற்கு ஜப்பான்காரன்தான் காரணம் என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். அதில் பாதிதான் உண்மை. மீதியை மூடி வைத்து மூடி வைத்து எனக்கே அலுத்துவிட்டது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த அந்தக் காலத்தில் நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில், வீட்டிலும் மலாய் பேசுகிற ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பத்து வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் டவுனில் பஸ் பட்டறையில் மெக்கானிக். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் பஸ் ஓட்டிய காலம் அது. எஞ்சின் தினமும் ஒரு நோய் சொல்லும். அவர் நீளமான ஸ்குருடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, மரப்பிடியை இடது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதைவிட முக்கியம், அவரைச் சயாமுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததும் அதுதான். அங்கே ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. பட்டறைக்குத் தேவைப்படுகிறவனை விட்டுவைத்தார்கள், மற்றவனை லாரியில் ஏற்றினார்கள்.

ஒரு நாள் அப்படிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஜப்பான் அதிகாரி வந்து நின்றிருக்கிறான். இவர் எழுந்து குனிந்து வணங்கவில்லை. விரித்த கையால் இடது காதோடு சேர்த்து ஒரே அறை.

எங்கள் வரிசையில் ஒரு டிரெஸ்ஸர், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கிறவர், குடியிருந்தார். மருந்தெல்லாம் தீர்ந்துபோனாலும் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர். அவர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுப்புக்கரி ஒன்றைக் கேட்டு வாங்கி, சிமெண்டுத் தரையில் காதை வரைந்தார்.

"வெளிய தெரியிற மடல் சத்தத்த வாங்கி உள்ள அனுப்புது. அங்கேருந்து ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் வளைஞ்ச குழாய். குழாய் முடியிற எடத்துல வெங்காயத் தோல் மாதிரி ஒரு ஜவ்வு. அவன் அறைஞ்ச வேகத்துல குழாய்க்குள்ள இருந்த காத்து ஜவ்வக் கிழிச்சிருச்சு."

ஜவ்வுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஓர் அறை போட்டார். அதில் மூன்று குட்டி எலும்புகள். ஒன்று சுத்தியல், ஒன்று பட்டடைக்கல், மூன்றாவது குதிரைக்காரன் கால் வைக்கிற வளையம். ஜவ்வு ஆடினால் இவை ஒன்றையொன்று தட்டிச் சத்தத்தை உள்ளே கொண்டுபோகுமாம். "என் காதுக்குள்ளயும் பட்டறையா" என்று இவர் சிரித்தார். வலியிலும் இவருக்குச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக அந்த அறையிலிருந்து தொண்டைக்கு இறங்கும் ஒரு சின்னக் குழாயையும் வரைந்து முடித்தார்.

"ஜவ்வு தானா மூடிக்கும் தங்கச்சி. ரெண்டு மாசம் ஆகலாம். மருந்து என்கிட்ட இல்ல, தேவையும் இல்ல. தண்ணி, எண்ணெய், பச்சிலச் சாறு, எதுவும் உள்ள போகக்கூடாது. அத மட்டும் பாத்துக்குங்க."

அத மட்டும். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காவலுக்கு நின்றவள் நான். காதுவலி என்று கேள்விப்பட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருத்தர் பூண்டு காய்ச்சிய எண்ணெயோடு வந்தார். பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி வருகிறேன் என்று இன்னொருத்தி கிளம்பினாள். வீட்டுக்காரம்மா மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே வெற்றிலைச் சாற்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத்தான் எனக்கு மலாய் வரும், ஏன் வேண்டாம் என்று விளக்க வராது. இரண்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவரோ, உள்ளே அரிக்கிறது என்று என் கொண்டை ஊசியைத் தேடுவார். ஊசிகளை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தேன். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினாலே எனக்கு எரிச்சல் வரும், இந்த ஆள் எதைக் கொண்டுவந்திருக்கிறாரோ என்று.

ஆறாவது வாரம் டிரெஸ்ஸர் பார்த்தார். ஓட்டை மிளகளவுக்குச் சுருங்கியிருக்கிறது, இன்னும் பதினைந்து நாள் போதும் என்றார். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மரவள்ளிக்கிழங்குகூட ருசியாக இருந்தது.

அந்த வாரமே தீபாவளி. நல்லெண்ணெய் என்ற ஒன்றை நாங்கள் மறந்தே போயிருந்தோம். வீட்டுக்காரம்மா கோபமெல்லாம் தீர்ந்து அரைக்கிண்ணம் தேங்காயெண்ணெய் கொடுத்தார். விடியற்காலையில் இவரை முக்காலியில் உட்காரவைத்தேன். தண்ணீர் போகாமல் இடது காதில் அடைத்திருந்த பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதை வைக்கலாம் என்று நினைத்தேன். பழையதை எடுத்தேன். உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். அடுத்து வலது காதில் மூன்று சொட்டு. தலையைச் சாய்த்து இடது காதில் மூன்று சொட்டு.

எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்க்கிற வரிசை அது. உச்சி, காது, தொப்புள், பாதம். தம்பி தங்கைகளுக்குச் சனிக்கிழமை தவறாமல் செய்து பழகிய கை. நான் எதையும் யோசிக்கவில்லை, கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. ஊர் முழுவதையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியவள், நானே ஊற்றினேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

இவர் எச்சிலை விழுங்கினார். "தொண்டையில எண்ணெய் வருது" என்றார், மெதுவாக.

தரையில் வரைந்த அந்தச் சின்னக் குழாய் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எண்ணெய் ஓட்டை வழியாக உள்ளறைக்குப் போய், தொண்டைக்கும் இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு சீழ். டிரெஸ்ஸர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். "எண்ணெய் ஊத்துனீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். "பட்டறையில மூஞ்சி கழுவுறப்போ தண்ணி போயிருச்சு டிரெஸ்ஸர்."

சீழ் ஐந்து மாதம் வழிந்தது. நின்றபோது அந்தக் காது கேட்பதும் அநேகமாக நின்றிருந்தது. வலது காதுக்கு அந்த வித்தை பிடிபடவில்லை, இனி லாரிதான் என்று நான் அழுதுகொண்டிருக்க, டிரெஸ்ஸர் ஒரு வழி சொன்னார். ஸ்குருடிரைவர் பிடியைக் காதில் வைக்காமல் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தச் சொன்னார். எலும்பு வழியாகப் போகிற சத்தத்துக்கு ஜவ்வும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாமாம். இவர் அழுத்திப் பார்த்தார். முன்னைவிடப் பலமாகக் கேட்கிறது என்றார். சயாமுக்குப் போகாமல் தப்பினார். எஞ்சினின் முனகல் எல்லாம் அந்தப் பக்கம் கேட்டது, நான் கூப்பிடுவது மட்டும் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரனும் போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் யாராவது காதைப் பற்றிக் கேட்டால் இவருக்கு ஒரே பதில்தான். "ஜப்பான்காரன் அறைஞ்சது." கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நிற்பேன். அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் திட்டாத மனுஷனிடம் மன்னிப்பு கேட்கக்கூட வழியில்லை. அது எவ்வளவு பெரிய ஆத்திரம் என்று அவருக்குத் தெரியுமா?

ஒரு மாலை விருந்தாளி போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அவன் அறைஞ்ச காயம் ஆறிக்கிட்டுத்தாங்க இருந்துச்சு. நான் ஊத்துன எண்ணெய்தான் உங்க காதக் கெடுத்துச்சு. ஒரு தடவையாச்சும் என்னத் திட்டிருங்க."

"என்ன சொன்ன? சரியா கேக்கல" என்றார், தேத்தண்ணியை எடுத்துக்கொண்டே.

நான் உட்கார்ந்திருந்தது அவருடைய வலது பக்கம்.