வேன் அண்ணே மூன்று முறை சொன்னது

பாப்பா இரண்டு கைகளாலும் கேட் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். மதியம் மூன்று மணி இருக்கும். மற்ற பதினொரு பேரும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். “வேணா, வேணா” என்று மட்டும் சொன்னாள். அவளிடம் இருந்த சொற்களே பத்துப் பதினைந்துதான். வேன் அண்ணே இறங்கி வந்து, “வாம்மா பாப்பா, மிட்டாய் இருக்கு” என்று கையை நீட்டினார். அவள் முகத்தைத் தூணோடு ஒட்டிக்கொண்டாள். அலுவலக ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் நீட்டிய அந்தக் கைதான் கண்ணில் பட்டது. அதற்கு முன் ஆறு வருடமாக நான் அதைக் கவனித்ததே இல்லை.

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய பங்களா ஒன்றில் எங்கள் பகல்நேர மையம் நடந்தது. வயது ஏறியும் அறிவு வளர்ச்சி பின்தங்கிவிட்ட பெரியவர்கள் காலையில் வருவார்கள், ஊதுபத்திகளை உறையில் போட்டு ஒட்டுவார்கள், மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் பாட்டு, பிறகு வீடு. நான் பொறுப்பாளர். எல்லாருக்கும் டீச்சர். பாப்பாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கோப்பில் அவளுக்கு வேறு அழகான பெயர் உண்டு. ஆனால் வீட்டிலும் மையத்திலும் பாப்பாதான். அப்படிக் கூப்பிட்டுப் பழகியதால்தானோ என்னவோ, அவள் எதையாவது மறுத்தால் அதைக் குழந்தையின் அடம் என்று ஒதுக்குவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. ஜெலுத்தோங்கில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அம்மா இருந்தவரை அவர்தான் தினமும் வாசலில் வந்து நின்று அவளை இறக்கிக்கொள்வார். அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஓட்டுநர் வேன் அண்ணே கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஃபெர்ரி ஏறி வருவார். ஐம்பது தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும்.

மறுநாள் பாப்பாவின் மேல் தேநீர் கொட்டிவிட்டது. உடை மாற்றப்போன சமையல்கட்டு அக்கா என்னை அவசரமாக உள்ளே கூப்பிட்டார். பாப்பாவின் இடது மேல்கையில் வெளிப்பக்கம் நான்கு, உட்பக்கம் ஒன்று என்று நீலம் பாய்ந்த தடங்கள் இருந்தன. யாரோ இறுக்கிப் பிடித்த தடம்தான், ஆனால் யார் என்று தடம் சொல்லாது என்றார் கிளினிக் டாக்டர். பாப்பாவிடம் கேட்டேன். அவள் என் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள், “வேன்ல யாரு கூட்டிட்டு வர்றா? அவனக் கேளுங்க டீச்சர்” என்றார். கேள்வி முடிவதற்குமுன் பதில் வந்ததை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. என் மனதில் இருந்ததையே அவரும் சொல்கிறார் என்றுதான் தோன்றியது.

சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அதற்குத் தீனி தேடித் தேடிப் போட வேண்டியதில்லை, தானாகவே வந்து சேரும். ஆறு வருடமாக நல்ல மனசு என்று நான் நினைத்த மிட்டாய், இப்போது ஆசை காட்டுவதாகத் தெரிந்தது. வேனின் உள் கண்ணாடியை அவர் பின்பக்கம் பார்ப்பதுபோலத் திருப்பி வைத்திருந்தார். பயணிகளைப் பார்த்துக்கொள்ள வேறு எப்படித் திருப்ப முடியும் என்று நான் யோசிக்கவில்லை. வேன் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசியாக இறங்குபவள் பாப்பா. அவள் வீட்டிலிருந்து வேன் மையத்துக்குத் திரும்ப இருபது நிமிடம் போதும். இரண்டு மாதமாக அவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பியிருந்தார். மீதி நாற்பது நிமிடம் அவரும் அவளும் மட்டும். அந்தப் பக்கத்தை உடனே நகல் எடுத்தேன். பயத்தில் மட்டுமல்ல, சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணத்திலும்தான். அதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மையத்தின் தலைவரும் நானும் அவரை உட்கார வைத்துக் கேட்டோம். தாமதம் ஏன் என்றதும் அவர் என்னைத்தான் பார்த்தார்.

“டீச்சர், அந்த வீட்ல நாலரை மணி வரைக்கும் ஆளே இல்ல. பூட்டுன கேட்டுக்கு முன்னால அந்தப் பிள்ளைய எப்படி இறக்கிவிட்டுட்டு வர்றது? யாராச்சும் வர்ற வரைக்கும் கூட உக்காந்திருப்பேன். நான்தான் உங்ககிட்ட மூணு தடவ சொன்னேன்லா?”

சொல்லியிருந்தார். ஒருமுறை வராந்தாவில், ஒருமுறை போனில், இன்னொருமுறை நான் என் காரில் ஏறும்போது கதவருகே வந்து நின்று. மூன்று முறையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: “அண்ணே, நேரத்துக்கு இறக்கிவிட்டுட்டு வாங்க. வீட்டுல ஆள் இருக்காங்களான்னு பாக்கறது அவங்க பொறுப்பு.” விசாரணை அறையில் அதெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்தும், இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்து முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாரோ என்றுதான் என் மனம் போனது. ஒருவர் உண்மையைச் சொல்வதே அவருக்கு எதிரான சாட்சியாகும் அளவுக்கு நான் போயிருந்தேன்.

விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வரக்கூடாது என்று தலைவர் சொன்னார். விதி அதுதான், இன்றைக்கும் அதுதான், அதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். வேன் அண்ணே சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “பாப்பாவ மட்டும் கேட்டுல விட்டுட்டு வந்துராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக ஒரு பெண் ஓட்டுநர் வந்தார். முதல் நாளும் பாப்பா தூணைப் பிடித்துக்கொண்டாள். பழைய பயம் போக நாள் ஆகும் என்றேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சமையல்கட்டு அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டே, “காலைல சிரிச்சிக்கிட்டுத்தானே இறங்குறா? அந்த அண்ணே ஓட்டுனப்பவும் சிரிச்சிக்கிட்டுத்தான் இறங்குவா. சாயங்காலம் மட்டும் என்னவாம்?” என்றார். வேனுக்குப் பயந்தவள் காலையிலும் அல்லவா பயந்திருக்க வேண்டும். அன்று நானும் வேனில் ஏறினேன்.

வீட்டு கேட்டில் பூட்டு தொங்கியது. நாங்கள் இறங்கியதும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வெளியே வந்து, அந்த வேன்காரர் எங்கே என்று மலாய் மொழியில் கேட்டார். தினமும் அந்த மரத்தடியில் இவளோடு உட்கார்ந்திருப்பாரே என்றார். இரண்டு நாளாக வேன் இவளை இறக்கிவிட்டு உடனே போய்விடுவதாகவும், நேற்று இவள் நடந்து பெரிய சாலைவரை போய்விட்டதாகவும், தான்தான் ஓடிப்போய் இழுத்து வந்ததாகவும் சொன்னார். நேரத்துக்கு இறக்கிவிட்டு வரும்படி புதிய ஓட்டுநருக்குச் சொன்னது நான்தான். லாரிகள் ஓடும் அந்தச் சாலையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலரைக்குப் பாப்பாவின் அண்ணி வந்தார். தொழிற்சாலைச் சீருடையோடு, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. தண்ணீர் கேட்டு நான் உள்ளே போனேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நேராகச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனாள். உள்ளே நுழைந்து கதவைத் தானே சாத்திக்கொண்டாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது, நல்ல உயரத்தில், புதிதாக. உள்ளே சத்தமே இல்லை. தாழ்ப்பாள் போடும் சத்தத்துக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்க் கதவைத் திறந்தேன். ஒரு மெத்தை, ஒரு வாளி, ஜன்னல் இல்லை. வெளியே வரும்படி கையை நீட்டியதும் அவள் மேல்கையை இழுத்து மார்போடு மறைத்துக்கொண்டாள்.

அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். “ஒரு நாள் கேஸ் அடுப்ப திறந்து விட்டுட்டா டீச்சர். ஒரு நாள் ரோட்டுக்குப் போயிட்டா. நான் தூங்கி எழுந்து மறுபடியும் ஷிஃப்டுக்குப் போகணும். உள்ள போமாட்டேன்னு மல்லு கட்டுவா, கையப் புடிச்சி இழுத்தாத்தான் போவா. அவரு வர ஒம்போது மணி ஆவும். நான் வேற என்ன பண்றது, சொல்லுங்க?” அவரை வெறுக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். முழுதாக முடியவில்லை. ஆனால் அவர் அழுகையைக் கேட்டு அந்தக் கதவை மறுபடி சாத்திவிட்டு வர எனக்கு உரிமை இல்லை. அங்கிருந்தே தலைவருக்கும் சமூக நல இலாகாவுக்கும் போன் செய்தேன். அன்றே பாப்பா ஒரு பாதுகாப்பு இல்லத்துக்குப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பலகாரத்தை வாங்கிக்கொள்வாளாம், ஆனால் அவர்களோடு வாசலைத் தாண்டமாட்டாளாம்.

இப்போது எங்கள் வேனில் கேமரா இருக்கிறது. ஓட்டுநரோ சமையல்காரரோ எதைச் சொன்னாலும் எழுதி வைத்து, போய்ப் பார்த்தேன் என்று நான் கையெழுத்திட ஒரு பதிவேடு இருக்கிறது. எல்லாரையும் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். இந்த வேலையில் அதை விட முடியாது. ஆனால் பதில் தயாராக வைத்திருப்பவர்களைவிட, பதில் தயாராக வைத்திருக்கும் என்னைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன்.

வேன் அண்ணே மேல் குற்றம் இல்லை என்று எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே பாகான் டாலாம் போனேன். அவர் அதற்குள் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு பஸ் ஓட்டப் போயிருந்தார். கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார்.

“நீங்க சந்தேகப்பட்டத குத்தம் சொல்லமாட்டேன் டீச்சர். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. உங்க எடத்துல நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனா நான் மூணு தடவ சொன்னேன். ஒரு தடவ போய்ப் பாத்திருக்கலாம்லா.”

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். “வேணாம் டீச்சர்” என்றார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவர் மனைவி என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார். முனையில் நின்று, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், நீங்கதானே எல்லாம் விசாரிச்சீங்க. அவரு முன்னால கேக்க முடியல. உண்மையிலேயே ஒன்னும் இல்லதானே?”

“ஒன்னுமே இல்லக்கா. சத்தியமா ஒன்னும் இல்ல.”

அவர் சரி என்று தலையசைத்தார். ஆனால் போகவில்லை. நான் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.