பகல் உணவு நேரத்துப் பச்சை

மைக்ரோவேவ் அடுப்பின் முன் வரிசையில் நிற்கும்போதே நுபியா எச்சவாரியா டப்பாவைத் திறந்து, அரேப்பா என்னும் சோள ரொட்டி ஒன்றைத் தனியாக எடுத்து மூடியின் மேல் வைத்துவிடுவார். அது மேசைக்கு. முதலில் யார் கை நீட்டுகிறார்களோ அவர்களுக்கு. மெதெஜின் நகரத்து அந்த மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்கள் அவரை அறிந்துகொள்வது இப்படித்தான். அவருடைய வேலை என்னவென்று தெரியவந்ததும் பாதிப் பேர் நீட்டிய கையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள்.

நிரல் எழுதித் தரும் ஏ.ஐ. ஏஜென்ட்டைப் பொறியாளர்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து மேலே சொல்வதுதான் அந்த வேலை. அவர் திரையில் ஆளுக்கொரு பட்டை உண்டு. நிறைய பயன்படுத்தினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. ஐம்பதைத் தாண்டிய பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். திரையோடு பேசுவார். யாருடைய பட்டையாவது சிவந்தால், “என்னம்மா ஆச்சு உனக்கு, காய்ச்சலா?” என்று பட்டையைத்தான் கேட்பார்.

மொட்டைமாடியில் அவர் உட்காருவது மருந்துக்கடை மென்பொருள் குழுவோடு. வயதில் மூத்த பெண் என்பதால் மரியாதையாகத் ‘தோன்யா’ என்று அழைப்பார்கள். அங்கே ஃபார்லி என்பவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“வந்துட்டாங்கய்யா சி.ஐ.டி. எத்தனை கரண்டி பீன்ஸ் உள்ள போகுதுன்னும் எண்ணுவீங்களா, தோன்யா?”

“உன் கரண்டிக்குத் தனியா ஒரு மெஷின் வாங்கணும்டா. இருக்கறது தாங்காது.”

அந்தக் குழுவில் எல்லோருடைய பட்டையும் நல்ல பச்சை. யெசித் அர்போலேதா ஒருவனுடையது மட்டும் சிவப்பு. காப்பித் தோட்டத்து மலைக்கிராமத்திலிருந்து வந்தவன், அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஏஜென்ட் எழுதித் தருவதை வரி வரியாகப் படித்த பிறகுதான் அடுத்த வேலையைக் கொடுப்பான். தொடர்ந்து சிவப்பில் இருப்பவர்களை இந்தக் காலாண்டோடு அனுப்பிவிடுவதென்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். பெயர் தர வேண்டியவர் நுபியா.

பச்சை எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தபோது, நண்பகலில் அது மலைபோல எழுந்து நிற்பதைக் கண்டார். கருவி வேறு நாட்டு நேரத்தைக் காட்டுகிறது போலும் என்று நினைத்துக் கடிகாரத்தைச் சரிபார்த்தார். கடிகாரம் சரியாகவே இருந்தது. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, மறந்துவிட்ட உப்பை எடுக்கக் கீழே இறங்கினார். நாற்காலிகள் காலி. திரைகளில் மட்டும் வரிகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. சாப்பிடப் போகும்போது ஏஜென்ட்டுக்கு ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து ஓடவிட்டு, திரும்பி வந்து அத்தனையையும் அழித்துவிடுகிறார்கள். யெசித்தின் திரை மட்டும் இருட்டாக இருந்தது.

அவனைத் தனியே அழைத்து, நீ மட்டும் ஏன் ஓடவிடவில்லை என்று கேட்டார்.

“நான் சோறு திங்கறப்ப வேலை பாத்ததாக் காட்டணுமா? என் பேர்ல அது வேணாம், தோன்யா.”

அந்த வாரம் முழுக்க நுபியா சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் குழு மாட்டும், சொல்லாவிட்டால் இவன் போவான். கடைசியில் நிறுவனம் முழுமைக்கும் பகல் உணவு நேரத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். யார் பெயரையும் எழுதவில்லை. புதிய வரைபடத்தில் எல்லாப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்தன. யெசித் நடுவில் எங்கோ இருந்தான்.

பகல் உணவு நேரத்தில் பொறியாளர்கள் இடத்தில் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இயக்குநர் கேட்டார்.

“அவங்க கூடத்தான் நானும் உக்காந்து சாப்பிட்டேன்.”

அந்தப் பதில் மாடிக்கு வந்துசேர அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் ஃபார்லி கேலி எதுவும் செய்யவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

“கூட உக்காந்து தின்னதை மேல போய்ச் சொல்லிட்டீங்களே, தோன்யா.”

யெசித் அதே மேசையில்தான் இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. மூடியின் மேல் இருந்த அரேப்பாவை யாரும் எடுக்கவில்லை.

யெசித்துக்கு வேலை இருக்கிறது. அதே குழு, அதே மேசை. நுபியா இப்போது மூன்றாம் மாடியில், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்து ஒற்றை மேசையில் சாப்பிடுகிறார். பகல் உணவு வேளையில் தன் திரையை அணைத்துவிடுகிறார். டப்பாவைத் திறந்ததும் அரேப்பா ஒன்றை எடுத்து மூடியின் மேல் வைக்கிறார். சாப்பிட்டு முடித்தபின் அதைத் திரும்ப உள்ளே வைத்து மூடுகிறார்.