தண்ணி என்ன நிறத்துல போகுது?

மழை இல்லாத நாளில் தங்கராசு அண்ணனின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததே கிடையாது. சென்ற வாரம், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு முற்பகலில் வந்தது. எடுத்ததும், "சொல்லுங்கண்ணே, இங்க ஒரு சொட்டுகூட இல்லை" என்றேன். மறுமுனையில் அவருடைய மகள். "டீச்சர், அப்பா தவறிட்டாங்க. வேலைக்கு ஜீப்புல மலையேறுறப்ப நெஞ்சு வலிக்குதுன்னாங்க. கீழ கொண்டாரதுக்குள்ள..."  

போடியைச் சுற்றி மண்வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களில் பல வருடம் உழைத்துவிட்டு மேஸ்திரியானவர். எங்கள் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் அமைத்தபோது மண்வேலை அவர் பொறுப்பு. நான் உடற்கல்வி ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கம் சமதளத்தில் பிறந்தவள். மைதானம் என்றால் மட்டமாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

மலையடிவாரச் சரிவை வெட்டித்தான் திடல். அதன் மேல்விளிம்பில் நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டினார். தோட்டங்களில் அதைக் கான் என்பார்கள். மேலிருந்து வரும் மழைநீரைத் திடலுக்குள் விடாமல் பிடித்து, ஓரமாகக் கொண்டுபோய், கடைசியில் ஒரு குழியில் வண்டலைத் தங்கவைத்து வெளியே அனுப்பும். நடுநடுவே பழைய ஏலக்காய்ச் சாக்குகளில் கல் நிரப்பிக் குறுக்கே போட்டார். திடல் முழுக்க ஏலக்காய் வாசம். "எதுக்கண்ணே இத்தனை தடுப்பு?" என்று சலித்துக்கொண்டேன்.

"பிள்ளைக ஓடட்டும் டீச்சர். தண்ணி நடக்கட்டும்" என்றார்.

எனக்கு அந்தக் கான் கண்ணை உறுத்தியது. ஓட்டப்பாதையின் வெளிவளைவை அது தின்றுவிட்டது. அவர் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், மண் அள்ளும் வண்டி ஓட்டுபவரிடம், "மேஸ்திரி சொல்லிட்டாரு, வளைவுல மட்டும் மூடிடுங்க" என்றேன். அப்பட்டமான பொய். அன்று மாலையே சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. மூடிய இடத்தில் உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் புது மண்ணை வாரிக்கொண்டு கீழே சத்துணவுக்கூடத்துக்குள் புகுந்தது. அடுப்பு, அரிசிமூட்டை எல்லாம் செம்மண் சேறு. திங்கட்கிழமை பொறியாளர் வந்து, ஆட்கள் முன்னிலையில் அண்ணனை நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார். "கானை எவன்யா மூடினது?" வண்டி ஓட்டுபவர் என்னைப் பார்த்தார். அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். என் பக்கம் திரும்பாமலே, "மழைதான் சார் மூடிருச்சு. நான் இன்னும் ஆழமா வெட்டிருக்கணும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி அவரே மண்வெட்டியோடு இறங்கினார். நானும் சட்டி தூக்கினேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நாலு பேரு முன்னாடி ஏச்சு வாங்கி எனக்குப் பழக்கம். நீங்க இந்தப் பிள்ளைக முன்னாடி நிக்கணும்ல. வெரசா அள்ளுங்க, சோலி கெடக்கு."

அதன்பின் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்த பிறகும் ஒவ்வொரு மழைக்கும், எங்கிருந்தாலும் அழைப்பார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "டீச்சர், தண்ணி என்ன நிறத்துல போகுது?" நான் குடையோடு கானுக்கு ஓடுவேன். சிவப்பாகப் போனால் எங்கோ மண் அரிக்கிறது. இடத்தைத் தேடச் சொல்லுவார். தெளிவாகப் போனால், "சரி, வச்சிர்றேன்" என்பார். இந்த ஊரில் அறை எடுத்துத் தனியாக இருக்கும் எனக்கு, மழை நாளில் தேடி வந்த ஒரே குரல் அது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கானை மூடியது மழையல்ல, நான். அவர் வெட்டியதில் ஒரு குறையும் இல்லை. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று மழை பெய்தது. எல்லோரும் வகுப்புக்குள் ஓடினார்கள். நான் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கான் ஓரத்தில் நின்றேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான்; இனி நானே கேட்டு, நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெளிவாகத்தான் போகுது, அண்ணே.